செகண்ட் ஹேண்ட் கார் எடுத்ததும் 'பேட்டரி லோ' வருகிறதா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கார் எடுத்து ஆர்சியில் பெயர் மாற்றம்கூட முடிந்திருக்காது, அதற்குள் டாஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி படம் எரியும், இல்லையென்றால் 'பேட்டரி லோ' என்று எழுத்து வந்து போகும். வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் என்று எந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பேட்டரி போயிருக்கும், புதுசு போட்டுடுங்க." போட்டால் சிலருக்குச் சரியாகிவிடும். மற்றவர்களுக்கு கொஞ்ச நாள் கழித்து அதே எச்சரிக்கை மறுபடியும் வரும், அதற்குள் பேட்டரிக்குக் கொடுத்த ஆயிரங்கள் போயிருக்கும்.

பழைய காரில் இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பேட்டரியே கெட்டிருக்கும். அல்லது பேட்டரி நன்றாக இருந்தும் ஓடும்போது சார்ஜ் ஏறாமல் இருக்கும். அல்லது வண்டி சும்மா நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் இரண்டு ராத்திரியும் போதும். வண்டி எடுத்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் விற்றவர் அந்த வாரம்தான் போனை எடுப்பார்.

எரிவது எது என்று முதலில் பாருங்கள்

சாவியை ஆன் செய்ததும், இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் அந்த சிவப்பு விளக்கு எரியத்தான் வேண்டும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். ஓடும்போதும் எரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை அல்ல, டைனமோவை, அதாவது ஆல்டர்னேட்டரை. சாவி ஆன் செய்யும்போது விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் சரியில்லை. பழைய மாடல்களில் பல்பைக் கழற்றிவிட்டு விற்பது ஒன்றும் புது வித்தை இல்லை.

இன்ஜின் ஓடாமல் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது 'பேட்டரி லோ, இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும்' என்று ஸ்கிரீனில் வந்தால் அது வேறு கதை: பேட்டரியில் இருப்பு குறைவு, ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள கார்களில் சிக்னலில் இன்ஜின் தானாக அணைவது நின்றுபோனாலும் பலவீனமான பேட்டரி ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. புஷ் பட்டன் கார்களில் சாவியின் உள்ளே இருக்கும் சின்ன பட்டன் செல் தீர்ந்தாலும் பேட்டரி எச்சரிக்கை வரும். எழுத்தை முழுதாகப் படியுங்கள், பக்கத்தில் சாவிப் படம் இருக்கிறதா பாருங்கள். பல கார்களில் அது சிஆர் 2032 என்ற செல்தான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இதற்குப் போய் கார் பேட்டரியை மாற்ற வேண்டியதில்லை.

ஓடும்போது சிவப்பு விளக்கு வந்துவிட்டால்

பெங்களூரு ரோட்டில் பள்ளிகொண்டா டோல் தாண்டி வரும்போது விளக்கு எரிகிறது என்று வையுங்கள். அந்த நிமிடத்திலிருந்து கார் பேட்டரியில் இருக்கும் மிச்சத்தில்தான் ஓடுகிறது. ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள்: டைனமோவைச் சுற்றும் பெல்ட் அறுந்திருந்தால், சில கார்களில் தண்ணீர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, முள் மேலே ஏற ஆரம்பித்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். பேட்டரிக்காக இன்ஜினைச் சுட்டுவிட்டால் அந்தச் செலவுக்கு நாலைந்து பேட்டரி வாங்கலாம். முள் நடுவில் நின்றால், வண்டியை அணைக்காமல் நேராக அடுத்த ஊர் எலக்ட்ரிசியனிடம் போய்விடுவது நல்லது, அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம். பகலில் கொஞ்ச தூரம் தாங்கும், ராத்திரியில் ஹெட்லைட் சீக்கிரம் தின்றுவிடும். ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால் கரண்ட் தீரப்போகிறது, இடது ஓரம் வந்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 தேசிய நெடுஞ்சாலை உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு.

மூன்று எண்கள்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள், சிவப்பு முனை ப்ளஸ் டெர்மினலில், கறுப்பு முனை மைனஸில். ஒயரின் மேல் அல்ல, பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே தொடுங்கள்.

முதல் எண், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் கதவைத் திறந்து விளக்குகள் எரிவதற்கு முன் எடுப்பது. அதற்கு முந்தின ராத்திரியே பானட்டைப் பூட்டாமல் சும்மா சாத்தி வைத்துவிடுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான். ஓட்டி வந்த உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும், அதனால் காலை நேரம்தான் சரி.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி நீங்கள் மீட்டரைப் பாருங்கள். எண் சட்டென்று இறங்கி ஏறும். 10-க்கு மேல் நின்றால் நல்லது, 9.6-க்குக் கீழே போனால் பேட்டரிக்கு சக்தி இல்லை, அல்லது சார்ஜே இல்லை. காலையில் 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 8-க்கு விழுந்தால் சந்தேகமே வேண்டாம், அது முடிந்துபோனது. வோல்ட் மட்டும் பார்த்து "பேட்டரி ஃபுல்லா இருக்கு சார்" என்று சொல்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ நலம். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுவிட்டும் பாருங்கள், 13.5-க்குக் கீழே தொங்கினால் பெல்ட், டைனமோவின் கார்பன், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இவற்றில் ஒன்று கெட்டிருக்கும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அப்படியே ஓட்டினால் பேட்டரி வெந்து உப்பும், அழுகின முட்டை வாசனை வரும். புது மாடல் கார்களில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க டைனமோவை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும், அதில் ஓடும்போது 12.8 காட்டினாலும் உடனே குறை என்று முடிவு கட்டாதீர்கள், ஹெட்லைட் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தால் ஏறும்.

இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு விற்றவருக்குப் போன் போடுங்கள். "அண்ணே, பேட்டரி சரியில்ல" என்றால் "ரெண்டு நாள் ஓட்டுங்க, ஏறிடும்" என்பார். "அண்ணே, ஓடும்போது 14.2 வருது, டைனமோ நல்லா இருக்கு, ஆனா காலைல 12.1 தான் நிக்குது, செல்ஃப் அடிச்சா 9-க்கு இறங்குது" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி போகும்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, இன்ஜின் நிற்கிறதா பார்த்து டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் இன்னும் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் ஓடியிருக்கலாம். இப்போதைய காரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம் போய்விடும். யார் கை வைத்தாலும் தடுத்துவிடுங்கள்.

பானட்டைத் திறந்தால்

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கையால் ஆட்டினால் கிளாம்ப் சுழல்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கைக்கு இது மட்டுமே காரணமாக இருந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றோடு முடிந்துபோவதும் உண்டு. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியாக மைனஸ். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பறக்கும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் பூத்தது கரைந்துவிடும், காய்ந்ததும் மாட்டி இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள பேட்டரியாக இருந்தால் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைப் பகுதி போர் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு பேட்டரித் தட்டு சீக்கிரம் வீணாகிவிடும். மினரல் வாட்டர் கேனும் இதற்கு ஆகாது. பேட்டரி மேலே பச்சைக் கண் மாதிரி ஒரு குமிழ் இருந்தால் அதை முழுதாக நம்பாதீர்கள், அது ஆறு செல்லில் ஒன்றை மட்டும்தான் காட்டுகிறது.

பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் தேதி, சீரியல் எண், ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) மூன்றையும் போட்டோ எடுங்கள். தேதியை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அச்சடிக்கும், புரியாவிட்டால் அந்த பிராண்டு டீலரிடம் சீரியல் எண்ணைக் காட்டினால் சொல்லிவிடுவார். நாலு வயது தாண்டியிருந்தால் நம் ஊர் வெயிலுக்கு அது ஓய்வு பெறும் வயது. வயது குறைவாக இருந்தால், வாரண்டி கார்டும் பில்லும் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், இலவச மாற்றுக் காலம் இன்னும் மிச்சம் இருக்கலாம். காருக்கு உரிய அளவைவிடச் சின்ன பேட்டரி போட்டு, கயிறோ ரப்பரோ கட்டி நிறுத்தியிருப்பதும் உண்டு. டெலிவரி கொடுப்பதற்கு முன் நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள், அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே பேட்டரியையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

முந்தைய ஓனர் மாட்டிவிட்டுப் போனவை

பழைய காரில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். புது காரில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியும், பழைய காரில் என்ன இருக்கிறது என்று முந்தைய ஓனருக்கும் அவருடைய ஆக்சசரீஸ் கடைக்காரருக்கும்தான் தெரியும். ஆம்ப்ளிபையர், டாஷ் கேமரா, ரிவர்ஸ் கேமரா, வெளியில் வாங்கிப் போட்ட சென்ட்ரல் லாக், கலர் கலரான எல்இடி, ஹார்ன் ரிலே. இவற்றில் ஒன்று சாவியை எடுத்த பிறகும் தூங்காமல் விழித்திருந்தால் போதும்.

கண்டுபிடிக்க எளிய வழி: நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் ஒரு ராத்திரி மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு காலையில் அளங்கள். அடுத்த ராத்திரி மாட்டியபடியே விட்டு அளங்கள். கழற்றி வைத்தபோது 12.6, மாட்டியிருந்தபோது 12.2 என்றால் வண்டியில் கசிவு. கழற்றி வைத்தும் இறங்கினால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு.

கசிவு என்றால் அடுத்தபடி ஆம்பியர் அளப்பது. மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரி கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். கதவுகளைப் பூட்டி, ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், காரின் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம்: 45 ஆம்பியர்-அவர் பேட்டரியை 50 மில்லி ஆம்பியர் காலி செய்ய கணக்குப்படி 37 நாள் ஆகும். அதுவே 500 மில்லி ஆம்பியர் என்றால் நாலு நாள்கூடத் தாங்காது, செல்ஃப் எடுக்காமல் போவது அதற்கும் முன்னாலேயே. எண் அதிகமாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கியதும் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருடன். எல்லா ஃபியூஸும் பிடுங்கியும் இறங்கவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டிக்குப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயரைத் தேடுங்கள். அப்படியும் இல்லையென்றால் டைனமோவின் டயோடு, அது கெட்டால் ஓடும்போது ஓரளவு சார்ஜ் கொடுத்துவிட்டு ராத்திரியில் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

டாஷ்போர்டுக்கு அடியில் முன்பின் தெரியாத ஒரு சின்ன கறுப்புப் பெட்டி கிடைத்தால் அது ஜிபிஎஸ் டிராக்கராக இருக்கலாம், கடன் கொடுத்த நிதி நிறுவனம் வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது பேட்டரியை விட்டுவிட்டு முதலில் ஆர்சியை எடுத்துப் பாருங்கள், அடமானம் ரத்தாகியிருக்கிறதா, படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கொடுத்தார்களா என்று.

இன்னொரு நுணுக்கம்: சமீப மாடல்களில் மைனஸ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் இருக்கும், போகும் வரும் கரண்டை அதுதான் எண்ணும். கூடுதலாக மாட்டிய பொருளின் எர்த் ஒயரை நேராக பேட்டரி மைனஸில் போட்டிருந்தால் சென்சாரின் கணக்குத் தப்பி, நல்ல பேட்டரிக்கும் எச்சரிக்கை வரும். அந்த ஒயரை பாடி எர்த்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

பக்கத்தில் இன்னொரு காரும் ஜம்பர் கேபிளும் இருந்தால் போதும், பெட்ரோலா டீசலா என்பது பிரச்சினை இல்லை, இரண்டும் 12 வோல்ட். நல்ல காரை அணைத்து வையுங்கள். சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் ப்ளஸில், மறு முனை நல்ல பேட்டரியின் ப்ளஸில். கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறு முனை உங்கள் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும், அதனால்தான் தள்ளி. பக்கத்தில் நின்று பீடி பிடிப்பவரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் உங்கள் காருக்கு செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கேபிளை மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள்.

லாரி டிரைவர்கள் இரக்கப்பட்டு நிறுத்துவார்கள், நம் ரோட்டில் அதற்குக் குறைவில்லை. ஆனால் லாரியும் பஸ்ஸும் 24 வோல்ட். அதிலிருந்து காருக்கு கேபிள் போட்டால் இசிஎம், மியூசிக் சிஸ்டம் எல்லாம் சேர்ந்து போகும். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் வண்டியில் மட்டும் நடக்கும், அதுவும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான், பெட்ரோல் பம்ப்புக்கும் இசிஎம்-க்கும் கரண்ட் வேண்டுமே. ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி பிரயோஜனம் இல்லை.

சார்ஜ் போட்டால் மீளுமா?

பழைய கார் விற்கும் கன்சல்டிங் யார்டில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற கார் என்றால் மீளலாம். ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று காட்பாடியிலிருந்து பாகாயம் வரை போய் வருவதெல்லாம் போதாது, அதில் பாதி நேரம் சிக்னலில் ஏசி போட்டு நிற்பதுதான். கடையில் விட்டு மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். 45 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு நாலு, நாலரை ஆம்பியரில் ஒரு ராத்திரி. ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம். ஏற்றிய பிறகு செல்ஃப் அடிக்கும் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் லோடு டெஸ்டரிலோ சிசிஏ மீட்டரிலோ காட்டச் சொல்லுங்கள், பேட்டரிக் கடைகள் பலவும் இதற்குக் காசு வாங்குவதில்லை.

நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும், பானட்டுக்குள் அதற்கும் மேலே. பேட்டரியைக் கெடுப்பது அந்தச் சூடுதான், ஆனால் அது தெரிய வருவது மார்கழிக் காலையிலோ ஏலகிரியில் ராத்திரி தங்கிய மறுநாளோ, குளிரில் ஆயில் கெட்டியாகி செல்ஃபுக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும்போது. அதனால் வெயில் காலத்தில் வாங்கிய கார் "நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு" என்பது ஒரு சான்றே இல்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

பழைய பேட்டரியைப் பார்த்து அளவு சொல்லாதீர்கள், அதுவே தப்பான அளவாக இருக்கலாம்; மேனுவலைப் பாருங்கள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு 35 ஆம்பியர்-அவர் போதும், டீசலுக்கு இன்னும் பெரியது வேண்டும். ப்ளஸ் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம், பக்கம் மாறினால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்டினால் ஆபத்து. ஸ்டார்ட்-ஸ்டாப் காருக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி என்று மேனுவலில் போட்டிருந்தால் அதையேதான் போட வேண்டும், சாதா பேட்டரி விலை குறைவு என்று போட்டால் சீக்கிரம் போய்விடும். சில கார்களில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனரில் பதிய வேண்டும், பதியாவிட்டால் எச்சரிக்கை அப்படியே நிற்கும்.

விலை கேட்கும்போது பழையதைக் கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள், பழைய பேட்டரியில் இருக்கும் ஈயத்துக்கு மதிப்பு உண்டு. வாரண்டியில் எத்தனை மாதம் முழு இலவசம், எத்தனை மாதம் தள்ளுபடி விலை என்று பிரித்துக் கேளுங்கள், கடைக்காரர் இரண்டையும் கூட்டித்தான் சொல்வார். தயாரிப்புத் தேதி ரொம்பப் பழையதாக இருந்தால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். மாட்டியதும் அங்கேயே ஓடவிட்டு மூன்றாவது எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பேட்டரி மாற்றியதும் கடிகாரம் தப்பாகக் காட்டும், ஜன்னல் ஒரே தொடுதலில் ஏறாது, முதல் சில நிமிடம் ஐடிலிங் கொஞ்சம் தடுமாறும். கோளாறு என்று திரும்பக் கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலான கார்களில் ஜன்னல் சுவிட்சை மேலே இழுத்து, கண்ணாடி முழுதும் மூடிய பிறகும் சில நொடி பிடித்திருந்தால் பழையபடி வேலை செய்யும்.